சாம்பல் நிற வள்ளங்கள்

கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. காலையில் துடைத்தால் மாலையில் திரும்பவும் படியும். துப்புரவு வேலைக்கு வரும் பெர்னடெட் துணியைப் பிழிந்து மேலிருந்து கீழாக இழுத்தாள். குருநகர்க் கரையில் சுதாகரன் கட்டிய வீட்டுக்குக் கடல் பக்கம் முழுவதும் கண்ணாடிதான்.

லண்டனிலிருந்து வந்த சுதாகரன் விருந்தாளிகளிடம் ஒன்றையே சொன்னார்.

"இப்பிடி ஒண்டு யாழ்ப்பாணத்திலை வேறை இல்லை. இது வீடில்லை, நான்."

முன்னால் கட்டிக் கிடந்த மீனவர்களின் வள்ளங்கள் அவருடைய கண்ணை உறுத்தின. நீலம், மஞ்சள், பச்சை. ஒருநாள் சாம்பல் நிறப் பெயின்ற் வாளிகள் வந்து இறங்கின. கரைக்குப் போகும் பாதை அவருடைய காணிக்குள்ளால் போனது. பூச விருப்பமில்லாதவர்கள் வேறு பாதையால் போகலாம் என்றார். வேறு பாதை இல்லை.

பெர்னடெட்டின் புருஷன் றஞ்சித்தும் தன் சிவப்பு வள்ளத்துக்குச் சாம்பல் பூசினான். ஒவ்வொரு வீட்டு வள்ளத்துக்கும் ஒரு நிறம். தூரத்தில் நிறத்தைக் கண்ட பிறகுதான் பெண்கள் உலை வைப்பார்கள்.

"இனி உங்களை எப்பிடியப்பா கண்டுபிடிக்கிறது?" பெர்னடெட் கேட்டாள்.

"மீன் வெடுக்கை மணந்து கண்டுபிடியன்," என்று றஞ்சித் சிரித்தான்.

மார்கழி. வாடைக்காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. பெர்னடெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு சாம்பல் வள்ளம் அசையாமல் நின்றது. செல்வரட்ணம் அண்ணை நண்டு வலை போடுகிற இடம் அது. அவர்தான் என்று நினைத்தாள். துணியைத் திரும்பவும் பிழிந்தாள்.

வெளியே மாடத்தில் சுதாகரன் கமராவோடு நின்றார். யாருக்கோ கை காட்டினார்.

பொழுதுபட வள்ளங்கள் வந்தன. றஞ்சித் வரவில்லை. கரையில் செல்வரட்ணம் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, மத்தியானம் அங்கை நண்டு வலை போட்டனீங்கள்தானே? எங்கடை ஆளைக் கண்டனீங்களோ?"

"நானோ? எனக்குக் காய்ச்சல் பிள்ளை. இண்டைக்கு நான் கடலுக்கே போகேல்லை."

அடுத்த நாள் றஞ்சித்தின் உடலை அக்கரையில் பூநகரிப் பக்கம் கண்டெடுத்தார்கள். எஞ்சின் நின்றிருக்கிறது. காற்று இழுத்துப்போன வள்ளம் கவிழ்ந்து கிடந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு பெர்னடெட் வேலைக்குப் போனாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சுதாகரனின் கூடத்தில் புதிதாக ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது.

"நான் எடுத்தது. லண்டனிலை எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுப்போச்சு," என்றார் சுதாகரன். "ஆரெண்டு தெரியாது, எங்களைக் கண்டிட்டுக் கை காட்டினவன். நானும் காட்டினனான். படத்தின்ரை கண்ணாடியிலை கையடையாளம் கிடக்கு, வடிவாத் துடையுங்கோ."

அவள் துணியை நனைத்துக்கொண்டு கிட்டப் போனாள். சாம்பல் கடல், சாம்பல் வள்ளம். அதில் ஒருவன் கழற்றிய சட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய காலடியில், விளிம்பில் பெயின்ற் உரிந்த இடத்தில், நகமளவு சிவப்பு.