மைனியின் கை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்ததும் ஹெப்சி மைனியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைப்போம். மைனி என்றால் மைனியின் முகம் தெரிகிற ஃபோன். என் கணவர் ஜெரினுடைய அக்கா; கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறார். ஃபோன் சறுக்காமல் இருக்கச் செம்பைச் சுற்றி ஒரு கைத்துணி. "தெரியுதாக்கா? இப்பம்? இப்பம்?" என்று கொழுந்தன் வால்டர் செம்பை நகர்த்திக்கொண்டே இருப்பான். மேசை முழுவதும் மைனிக்குத் தெரிந்த பிறகுதான் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

பிறகு பெட்டியைத் திறப்பார்கள். ஊர் கட்டுகிற விளையாட்டு. உள்ளங்கை அளவுக்குச் சதுர அட்டைகள். ஒன்றில் வீட்டு மனை, ஒன்றில் பூங்கா, ஒன்றில் குளம், ஒன்றில் புகைபோக்கியோடு தொழிற்சாலை. பைக்குள் கையை விட்டு ஆளுக்கொன்றாக எடுத்து, தெருவோடு தெரு சேரும்படி மேசையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். விருப்பமிருந்தால் வைத்த அட்டையின் மேல் நம் நிறத்து மரவீடு ஒன்றை நிறுத்தலாம். பக்கத்தில் பூங்காவோ குளமோ வந்தால் வீட்டுக்குப் புள்ளி ஏறும், தொழிற்சாலை வந்தால் இறங்கும். தெரு ஒன்று இரண்டு பக்கமும் முட்டி முடிந்துவிட்டால் அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் புள்ளி இரட்டிப்பு. மாமா சிவப்பு, ஜெரின் நீலம், வால்டர் மஞ்சள், மைனி பச்சை. பெட்டியின் மேலேயே நாலு பேர் என்றுதான் போட்டிருக்கிறது. நான் ஐந்தாவது ஆள்.

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த முதல் ஞாயிறன்றே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. "ஷெர்லின், நீ அக்காவுக்குக் கை" என்றார் ஜெரின். அதாவது மைனிக்காகப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஃபோனுக்குக் காட்டி, மைனி சொல்கிற இடத்தில் வைக்க வேண்டும். யாரும் என்னைக் குறைவாக நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தொழிலே அதுதானே. கீழே புளி, மிளகாய் வத்தல் மண்டி, மேலே வீடு. வெளியூர்க் கடைக்காரர்கள் ஃபோனில் சொல்லுவார்கள், இங்கே ஒருத்தர் கேட்டுக் கட்டிப் போடுவார். கட்டிப் போடுகிறவரிடம் போய் உங்களுக்கு என்ன சரக்கு வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த விளையாட்டிலும் மாமா போணி பார்ப்பார். கடையில் காலை முதல் வியாபாரத்தை மைனிதான் கல்யாணமாகிப் போகும்வரை தன் கையால் போட்டுக் கொடுப்பாராம். அப்படியொரு ராசியான கை. மைனி போன பிறகு வியாபாரம் முன்னே மாதிரி இல்லை என்று மாமா இன்னமும் சொல்வார், மைனி வாங்கிப் போட்ட இந்தப் பெட்டியிலாவது அந்தப் போணி விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. முதல் அட்டை எப்போதும் பச்சைக்குத்தான். நான் எடுப்பேன், நான் வைப்பேன். "ஹெப்சி கை வச்சாச்சு, இனி ஆடுங்கல" என்பார் மாமா. கை என்னுடையது, ராசி அவர்களுடையது. எனக்குச் சிரிப்பாகவும் வரும், எரிச்சலாகவும் வரும்.

ஃபோன் இருக்கிற கோணத்தில் மைனிக்கு என் முகம் தெரியாது. விரல்கள் மட்டும் தெரியும். அதுவும் தெரிந்தால் இடைஞ்சல். "ஷெர்லின், கையை எடும்மா, மறைக்குது" என்பார். எடுத்துவிடுவேன். மைனிக்குத் தம்பிகளைச் சீண்டுவதில் ஆசை அதிகம், தொழிற்சாலை வந்தால் போதும், நேரே ஜெரினின் நீல வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுவார். நான் வைப்பேன். "பொண்டாட்டியே புருசன் வீட்டுப் பக்கம் புகையைக் கிளப்புதா பாரு" என்று எல்லாரும் சிரிப்பார்கள். ஜெரினும் சிரிப்பார், ஃபோனைப் பார்த்து.

மைனியை வெறுத்துவிடலாம் என்று முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை. அவருக்குப் பின்னால் எப்போதும் மூடியே கிடக்கிற திரைச்சீலை. அந்த ஊரில் ஞாயிறு வேலை நாள். மைனியின் வீட்டுக்கார அண்ணன் அலுவலகம் போயிருப்பார். ஆட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் மைனி கொஞ்ச நேரம் லைனை வெட்ட மாட்டார், வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும். "வைக்கட்டுமா மைனி?" என்று கேட்பேன். "ம், வச்சிரு" என்பார். அந்த நேரத்தில்கூட நாங்கள் இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் ராத்திரி ஜெரின் சாப்பிடும்போது கேட்டேன். "எனக்கும் ஒரு கலர் குடுங்களேன்."

"நாலுதானே இருக்கு."

"மைனிகிட்ட ஒரு வாரம் கேட்டுப் பாக்கலாம்லா."

"அக்காவுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். நீயும் ஆடிக்கிட்டுத்தானே இருக்க?" என்றார். நல்ல மனுஷன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் தனியாக ஆட ஆரம்பித்தேன். காலையில் மூன்று ஆண்களும் கீழே இறங்கிவிட்டால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வீட்டில் நானும் மிளகாய் நெடியும்தான். கடைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "அந்த நெடி உனக்கெதுக்கும்மா" என்றார் மாமா. நெடிக்கு மாடிப்படி ஏறத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். அங்கே வாசலுக்கு வந்தால் நாலு பேர் என்ன கறி என்று கேட்பார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும், ஓட்டுநர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தனிமையாக இருந்தது. இதைச் சொல்ல இன்னும் கௌரவமான வார்த்தை கிடைக்குமா என்று பார்த்தேன், இல்லை.

பெட்டிக்குள் இருந்த விதிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன். மேசையில் நாலு பேருக்கும் நானே ஆடினேன். மாமாவுக்கு ஆடும்போது யோசித்து, வால்டருக்கு ஆடும்போது அவசரப்பட்டு. ஐந்தாவதாக எனக்கு ஆட நிறம் வேண்டுமே. கடைவாசலில் புளி கொட்டை எடுக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை அள்ளி வந்து கழுவி வைத்துக்கொண்டேன். கறுத்துப் பளபளவென்று, மரவீட்டைவிட அழகாகவே இருந்தன. என்றாவது ஒரு ஞாயிறு நானாக உட்கார்ந்து ஆட வேண்டும், அதற்கு முன்னால் யாரும் குறை சொல்ல முடியாதபடி கற்றுக்கொண்டுவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். சின்ன ஆசை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அப்போது எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டு வருகிற பூவம்மாக்கா ஒருநாள் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து உள்ளேயே வந்துவிட்டார். கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கையூன்றி மேசையைப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, தனியா ஒக்காந்துகினு இன்னா பண்ற?"

"ஊர் கட்டுதேன்க்கா."

"ஒத்தையாளா ஊரா? சர்தான்." ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா, கம்பெனியா? இங்க வையி, வூட்டாண்ட."

"அங்க வச்சா புள்ளி குறைஞ்சிரும்க்கா."

"எவன் கொறப்பான்? எங்க வூட்டாண்டயும்தான் கம்பெனி கீது. இருமிகினே இருக்கறோம், இன்னா, போய்ட்டமா?" அட்டையை அங்கேயே வைத்துவிட்டார். அவர் விரல் ஈரம் அதில் அப்படியே பதிந்தது. பிறகு சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து கேட்டார். "இதுல ஒன் வூடு எது?"

ஓரத்தில் இருந்த புளியங்கொட்டையைக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. குனிந்து, அதைக் குளத்துக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, "சங்கரா கீது, எட்த்துக்கறியா?" என்றார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மீன் குழம்புதான்.

புளியங்கொட்டைகளைப் பச்சை வீடுகள் இருக்கிற சிறிய பையிலேயே போட்டு வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு வால்டர் அந்தப் பையைக் கவிழ்த்தபோது அவையும் உருண்டு வந்தன. "கடையிலருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று வழித்து ஜன்னல் வழியே எறிந்தான். மறுநாள் மறுபடி ஒன்றே ஒன்றை எடுத்து அதே பையில் போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மைனியின் லைன் கிடைக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இங்கே நெட் இல்லை, வந்ததும் பேசுகிறேன் என்று செய்தி மட்டும் வந்தது. செம்பு சும்மா நின்றது. வால்டர் பெட்டியை மூடப் போனான். மாமா தாடையைத் தடவிக்கொண்டு, "போணி ஆகாம மூடுறது நல்லால்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா ஷெர்லின், அவ சொல்ற மாதிரி நெனச்சி நீயே வச்சிரு."

முதலில் எனக்குக் குளம் வந்தது. நடுவில் வைத்தேன். அடுத்து மனை, அதன் மேல் ஒரு பச்சை வீடு. வால்டர் தொழிற்சாலையை எடுத்து என் பக்கம் கொண்டுவந்தான். அவன் அப்படித்தான் வருவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்காக நானே எத்தனை முறை ஆடியிருக்கிறேன். அதற்கு முந்தின சுற்றிலேயே அந்த இடத்தில் தெருவை வளைத்து விட்டிருந்தேன். அட்டை அங்கே பொருந்தவில்லை. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கும்படி ஆயிற்று. மாமா ஹோ என்று சிரித்தார். யாரும் கையை எடு என்று சொல்லவில்லை. குளத்தைச் சுற்றி என் தெரு வளர்ந்துகொண்டே போயிற்று. இன்னும் ஒரு மனை, சரியாக வாய் மூடுகிற மாதிரி ஒன்று வந்தால் முடிந்துவிடும்.

ஜெரின் மேசையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஏ, உனக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஓர் அட்டை விளையாட்டுக்கு இது அதிகம்தான்.

அப்போது ஃபோன் அடித்தது. வால்டர் பாய்ந்து எடுத்துச் செம்பில் சாய்த்தான். "அக்கா! நீ ஜெயிச்சிட்டிருக்க!"

"நானா?" மைனி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். தலை வாரியிருக்கவில்லை. கண்கள் கொஞ்சம் வீங்கியிருந்த மாதிரி தெரிந்தது. பச்சை வீடுகளைப் பார்த்ததும் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "ஐயோ, இவ்வளவும் என் வீடா?"

"நீ இல்லாட்டியும் உன் ராசி இங்கதான தாயி இருக்கு" என்றார் மாமா.

நான் ஜெரினைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். இப்போதுதானே கேட்டார், இப்போதுதானே சொன்னேன். அவர் ஃபோனைப் பார்த்து, "எங்களை அழிச்சிட்டியேக்கா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

என் முறை. பைக்குள் கை விட்டேன். விரலில் பட்டதை எடுத்தேன். அதே மனை. வாய் மூடுகிற மனை.

"ஏ, அதேதான்!" மைனி கைதட்டும் சத்தம் கேட்டது. "முடிச்சிரு ஷெர்லின். மேல பச்சையை வையி."

அட்டையை வைத்தேன். தெரு முட்டி முடிந்தது. சிறிய பையைத் திறந்து ஒரு பச்சை வீட்டை எடுத்தேன். அடியில் அது கிடந்தது. பச்சை வீட்டைச் செம்புக்குப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்து அந்த மனையின் மேல், குளம் பார்க்கும்படி நிறுத்தினேன். அது நிற்கவில்லை, சாய்ந்தது. விரலால் பிடித்துக்கொண்டேன்.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "அது யாரு வீடும்மா?" என்றார், நிஜமாகவே தெரியாமல். வால்டரின் கை வழித்துத் தள்ளுவதற்காக மேசையின் மேல் பாதி தூரம் வந்து நின்றது. ஜெரின் இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஏதோ லாரி கிளம்புகிற அதிர்வில் செம்புத் தண்ணீர் லேசாக ஆடியது, மைனியின் முகமும் அதோடு சேர்ந்து ஆடியது.

"என்னது அது, கறுப்பா? ஒண்ணும் தெரியலையே." மைனி நெற்றியைச் சுருக்கித் திரைக்கு வெகு பக்கத்தில் வந்தார். "ஷெர்லின், கையை எடும்மா. மறைக்குது."

விரலுக்கு அடியில் கொட்டை வழுவழுவென்று இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.