முப்பத்தொரு மீட்டர்

பல் டாக்டர் குகதாசனிடம் பல் பிடுங்கப் போனால் வேட்டை தர்மத்தையும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பத்தொன்பது வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறார். வாயில் பஞ்சும் குழாயும் கண்ணாடியும் இருக்கும்போது யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. அது அவருக்கு ரொம்ப வசதி.

"சினாப்பாங்கால சுடுறதெல்லாம் வேட்டையே இல்ல," என்பார் ஊசியை ஏற்றிக்கொண்டே. "நூறு மீட்டருக்கு அப்பால நின்னு துப்பாக்கிய அமுக்குறதுக்கு என்னா திறமை வேணும்? வில்லுன்னா மிருகம் மூச்சு விடுற சத்தம் கேக்குற தூரத்துக்குப் போவணும். காத்து கொஞ்சம் திரும்புனாலும் அது ஓடிரும். அதுக்கும் ஒரு சான்ஸ் இருக்கணும், இல்லயா?"

நோயாளி "ஆ" என்பார். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்.

வில்லை எடுத்த இந்த ஆறு வருஷத்தில் அவர் அம்பு ஒரு மிருகத்தின் மேலும் பட்டதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மரங்களில் பட்டிருக்கிறது. ஒருமுறை சிவநேசனின் தண்ணீர்ப் போத்தலில் பட்டது. நல்லவேளை, அப்போது போத்தல் சிவநேசனின் கையில் இல்லை.

சிவநேசன் மாக் மண்டினில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன். டாக்டரின் வில்லை மூங்கிலும் மரமும் ஒட்டிச் செய்து கொடுத்தவன் அவன்தான். பழைய ரம்பப் பிளேடை வெட்டித் தீட்டி அம்பு முனை செய்வதும் அவனே. டாக்டர் முதுகில் தொங்கும் பையை அம்பறாத்தூணி என்பார். சிவநேசன் அதைப் பை என்பான். இவர்களோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம். சங்கத்துக்குப் பதினோரு விதிகள். எல்லாம் டாக்டர் எழுதியவை, பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். பதினைந்து மீட்டருக்கு மேல் எய்யக்கூடாது. ஓடும் மிருகத்தின் மேல் எய்யக்கூடாது. அடிபட்ட மிருகத்தைத் தேடாமல் வீடு திரும்பக்கூடாது. சாப்பிடாததைக் கொல்லக்கூடாது. இப்படியே போகும்.

போன வருஷம் ஸ்ரீகரன் என்ற உறுப்பினர் தூரத்திலிருந்து எய்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் விசாரணை நடத்தி அவரை வெளியேற்றினார் டாக்டர். அந்த அம்பும் எதன் மேலும் படவில்லை. "படாதது அதிர்ஷ்டம். எய்தது குற்றம்," என்று தீர்ப்பெழுதினார். சிவநேசன் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிட்டு லேத்தை ஓட்டப் போய்விட்டான்.

இந்த வருஷம் நிபோங் திபாலிலிருந்து ஜெயலெட்சுமி அக்கா கூப்பிட்டார். அறுபது வயசு, தனி ஆள், ஊருக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் நாலு ஏக்கர். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார். காட்டுப்பன்றிகள் வந்து குருத்தைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. வேட்டைப் பெர்மிட்டுக்கு வேண்டிய காகிதமெல்லாம் வாங்கி வைத்திருந்தார். வேட்டைக்காரர்கள்தான் தேவை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் டாக்டரும் சிவநேசனும் போய் இறங்கினார்கள். அக்கா டார்ச் அடித்து அவர்களையும், அவர்கள் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"சினாப்பாங் எங்க?"

"நாங்க வில்லுல வேட்டையாடறவங்க, அக்கா," என்றார் டாக்டர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அலாமாக்," என்றார் அக்கா. "நாடகத்துக்கு வந்தவங்க மாரி நிக்கிறீங்களே."

முதல் ஞாயிறு பன்றி வரவில்லை. இரண்டாவது ஞாயிறு வந்தது, டாக்டர் தும்மினார். மூன்றாவது ஞாயிறு ஒரு நல்ல பன்றி பதினெட்டு மீட்டரில் பக்கவாட்டில் நின்று நிதானமாக ஒரு கன்றைத் தின்று முடித்தது. டாக்டர் வில்லை இறக்கிவிட்டார்.

"ஏன் விடல?" என்று கேட்டார் அக்கா. அவர் வீட்டுச் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு மீட்டருக்கு மூணு மீட்டர் கூட, அக்கா. எங்க விதி."

"பன்னிக்கு அந்த விதி தெரியுமா? தெரிஞ்சிருந்தா மூணு மீட்டர் கிட்ட வந்து நின்னிருக்கும், பாவம்." பக்கத்துத் தோட்டக்காரி வேலியோரம் நின்றிருந்தாள். அக்கா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பினாங்கிலேருந்து டாக்டர் வந்திருக்காரு. பன்னி சாப்பிடுறப்ப பக்கத்துல நின்னு பாத்துக்கறாரு, தொண்டையில சிக்கிடாம."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிவநேசனும் சிரித்தான். டாக்டருக்கு அவன் சிரித்ததுதான் பொறுக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கிளினிக்கில் அவர் ஒன்றுமே பேசவில்லை. நோயாளிகளுக்குக் கவலையாகிவிட்டது.

நாலாவது ஞாயிறு டாக்டர் வடக்கு மூலையில், வெட்டிய செம்பனை மட்டைகளை அடுக்கி மறைவு கட்டி உட்கார்ந்திருந்தார். சிவநேசன் தெற்கு மூலையில், வாய்க்காலுக்குப் பக்கத்தில். ஏழரை மணி இருக்கும். வெளிச்சம் வந்துவிட்டது. ஒரு கிழட்டு ஆண் பன்றி தனியாகக் கன்றுகளுக்கு நடுவே வந்து மண்ணைக் கிளறியது. தூரம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அது நெருங்கி வரும் திசையில் இல்லை என்பதும் தெரிந்தது. வீட்டுச் சன்னல் திறந்திருப்பதும் தெரிந்தது.

எழுந்தார், இழுத்தார், விட்டார்.

ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம். பன்றி துள்ளி முதுகை வளைத்துக்கொண்டு ஓடி நிப்பாப் பனைப் புதருக்குள் மறைந்தது.

முதல் இரண்டு வினாடி டாக்டருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. பிறகு நடந்து போய் அம்பைத் தேடினார். ஊடுருவி வெளியே வந்து மண்ணில் குத்தி நின்றது. இரத்தம் கொஞ்சம்தான். அம்பு முழுக்கப் பச்சையாக ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. நாற்றம் மூக்கைத் தாக்கியது. நெஞ்சில் படவில்லை, குடலில் பட்டிருக்கிறது. குடலில் பட்ட மிருகம் உடனே சாகாது. ஒரு பகல் முழுக்கக் கிடந்து சாகும். இதை எத்தனை பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்!

மறைவிடத்திலிருந்து பன்றி நின்ற இடம் வரை அடி எடுத்து வைத்து அளந்தார். முப்பத்தொரு மீட்டர். பிறகு அம்பைப் புல்லில் துடைத்தார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகத் துடைத்தார். மற்ற அம்புகளுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

சிவநேசன் ஓடி வந்தான். "சத்தம் கேட்டுச்சே. பட்டுச்சா டாக்டர்?"

"இல்ல," என்றார் குகதாசன். "மட்டையில பட்டு எகிறிடுச்சி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அக்கா குசினியில் உளுந்து வடையும் கோப்பியும் வைத்தார். மட்டை மறைத்ததால் சன்னலிலிருந்து அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லையாம். டாக்டர் ஒரு வடையை எடுத்துப் பிய்த்தார். வாயில் போடவில்லை. விரலில் அந்த நாற்றம் இருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் இருந்தது. வெளியே மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் இரத்தத் தடம் அழிந்துவிடும். அழிந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மழை சீக்கிரம் வரட்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அப்போதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பட்டுச்சி," என்றார்.

"என்னா?" என்றான் சிவநேசன், வடையோடு.

"அம்பு பட்டுச்சி. கொடல்ல. முப்பத்தொரு மீட்டர்."

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

சிவநேசன் வடையைத் தட்டில் வைத்தான். அவனுக்குக் கோபம் வந்து டாக்டர் பார்த்ததில்லை. "அங்க ஒரு உசுரு வயித்துல ஓட்டையோட கெடக்குது. இங்க உக்காந்து வட திங்கிறோம் நாம. எந்திரிங்க."

"நாலு மணி நேரமாச்சும் விடணும் சிவா. இப்பவே தொரத்துனா இன்னும் தூரம் ஓடும்."

"அந்த விதியெல்லாம் எனக்கும் தெரியும் லா. மழ நிக்குமா உங்களுக்காக? எந்திரிங்க சொல்றேன்."

அக்கா எழுந்தார். பாராங் கத்தியை ஒரு கையிலும் குடையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

புதரின் ஓரத்தில் ஒரு சொட்டு. பத்தடி தள்ளி இலையில் இன்னொன்று. சிவநேசன் குனிந்தபடியே போனான். ஒவ்வொரு சொட்டின் பக்கத்திலும் டாக்டர் கைத்துடைப்புக் காகிதம் ஒன்றைக் குச்சியில் குத்தி வைத்தார், தடம் தொலைந்தால் கடைசி இடத்துக்குத் திரும்பி வர. அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. காகிதங்கள் கரைந்தன. வாய்க்கால் ஒன்றைத் தாண்டும்போது டாக்டரின் வலது பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை மட்டும் இழுத்துக்கொண்டு ஒற்றைப் பூட்ஸோடு நடந்தார்.

"வயித்துல பட்டது தண்ணிகிட்டதான் போவும்," என்றான் சிவநேசன். ஆற்றங்கரையோரம் இறங்கினார்கள்.

பத்தரை மணிக்கு அக்கா கையை உயர்த்தினார். நிப்பா வேர்களுக்கு நடுவே, பாதி உடம்பு தண்ணீரில், அது படுத்திருந்தது. விலா ஏறி இறங்கியது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அது மூச்சு விடும் சத்தம் கேட்டது.

டாக்டர் நாலு மீட்டர் தூரத்தில் நின்றார். வில்லை அவசரமாக இழுத்தார். எய்தார். அம்பு பன்றியின் முதுகுக்கு மேலே போய்ச் சேற்றில் குத்தியது.

"டாக்டர்," என்றார் அக்கா குடையைப் பிடித்தபடி, "பதினஞ்சு மீட்டருக்கு உள்ளதான் இருக்கு."

கிண்டல்தான். ஆனால் குரல் மெதுவாக இருந்தது. சிவநேசன் தன் வில்லைத் தூக்கினான். டாக்டர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இன்னும் இரண்டடி கிட்டப் போய், மூச்சை இழுத்து நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் எய்தார். பன்றி ஒரு தடவை உதைத்தது. அது அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் என்றான் சிவநேசன். பிறகு டாக்டர் திரும்பி நின்று வாந்தி எடுத்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வெறும் கோப்பிதான் வந்தது.

கரைக்கு இழுத்துப் போட்டதும், பழக்க தோஷம், டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் அழுகி, ஈறில் சீழ் கட்டியிருந்தது.

"ரொம்ப வலிச்சிருக்கும் இதுக்கு," என்றார்.

"நீங்க குடுத்த வலியவிடவா?" என்றான் சிவநேசன்.

பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். எண்பது கிலோவைச் சேற்றில் இழுத்துக்கொண்டு சண்டை போடவும் முடியாது.

குடல் கிழிந்திருந்ததால் வயிற்றுப் பக்கத்து இறைச்சி வீணாகிவிட்டது. மீதியை வெட்டிக் கழுவி மூன்று பங்கு போட்டார்கள். டாக்டர் தன் பங்கைக் காடியின் பின்சீட்டில் வைத்துப் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி ராகினி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளின் வழியாகவே அவரைப் பார்த்தாள்: ஒற்றைப் பூட்ஸ், சேறு, கையில் பிளாஸ்டிக் பை.

"அதென்ன?"

"காட்டுப்பன்னி. நான் எய்தது."

"நீங்களா?" அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க வாங்கினீங்க?"

வாங்கவில்லை என்று நிரூபிப்பதற்காக முழுக் கதையையும் வாசலில் நின்றே சொன்னார், பொய் சொன்னதையும் சேர்த்து. ராகினி கடைசி வரை கேட்டாள். "பை உள்ள வரக்கூடாது. நீங்க வரலாம், குளிச்சிட்டு," என்றாள். தோட்டக் குழாயில் குளித்தார். இறைச்சி சிவநேசன் வீட்டுக்குப் போனது. மறுநாள் அவன் வீட்டில் உட்கார்ந்து அந்தக் குழம்பைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ருசியாக இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சங்கத்தின் வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதி, ஒரு வருஷம் வில்லைத் தொடப்போவதில்லை என்றும் போட்டார். ஸ்ரீகரனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"எத்தன மீட்டர் டாக்டர்?" என்று கேட்டார் ஸ்ரீகரன்.

"முப்பத்தொண்ணு."

 "நான் வெறும் இருவத்திரெண்டு," என்றார் ஸ்ரீகரன். பிறகு, சிரிப்பை அடக்கிய குரலில், "ஆனா பட்டிருக்கே லா. நல்ல தூரம்."

பன்றிகள் நிற்கவில்லை. அடுத்த வாரமே ஒரு கூட்டம் வந்து நாற்பது கன்றுகளை முடித்தது. வில்லும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம், கூரைக்குப் போடும் சிங் தகட்டில் வேலி போடப்போகிறேன் என்று அக்கா முடிவு செய்தார். டாக்டர் கேட்காமலேயே போய் நின்றார். ஐந்து ஞாயிறு வேலை. சிவநேசன் துளை போட்டான். அக்கா மண்ணை மிதித்தார். டாக்டருக்குத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை.

"நேரா புடிங்க டாக்டர். பல்லா இது, கோணலா இருந்தா கம்பி கட்டிக்கலாம்ன்றதுக்கு?" என்பார் அக்கா.

உள்ளங்கை கொப்புளித்தது. வேலி எழுந்தது. கடைசி ஞாயிறு மாலை அக்கா கோழி அடித்துச் சமைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டரின் கைத்தொலைபேசி அடித்தது.

"பன்னி உள்ள பூந்திருச்சி," என்றார் அக்கா. "வேலி நல்லாதான் இருக்கு. கேட்டுதான் தொறந்து கெடக்குது. கடசியா யாரு போனது?"

கடைசியாகக் காடியை எடுத்தவர் யார் என்று குசினியில் இருந்த அக்காவுக்குத் தெரியாது. சிவநேசன் அதற்கு முன்பே கிளம்பியிருந்தான். பழியை அவன் மேல் போட்டால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டான்.

"நாந்தான் அக்கா," என்றார் குகதாசன். "மூட மறந்துட்டேன்."

அதற்கு அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது. பாதி தமிழிலும் பாதி மலாயிலும் நீண்ட நேரம் சொன்னார். டாக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.