சின்னக் கூண்டு

மாலை வகுப்பில் இன்று ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது ‘ஜெயில்’. பக்கத்தில் உட்காரும் தையல்கார அக்காவின் கணவர் போன மாதம்தான் உள்ளே போனார். வேலை முடிந்து வந்த அலுப்பில் வேறு சொல் தேடிப் படிக்கவும் எனக்குத் தெம்பில்லை. எழுந்து நின்று அக்காவின் முகத்தையே பார்த்தேன்.

“என் மூஞ்சியவே பாக்காதடா, சொல்லித் தொலை,” என்றார் அக்கா.

“லத்தீன்ல சின்னக் கூண்டுக்கு ஒரு சொல் இருந்துச்சுக்கா. அதுதான் பிரெஞ்சு வழியா வந்து ஜெயில் ஆயிடுச்சு.”

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

“சின்னதா? எங்க வீட்டு நெலவாசல்லயே அந்த மனுசனுக்குத் தலை இடிக்குமே!” என்று அக்கா சிரித்தார். சிரித்தபடியே மேசையில் முகம் கவிழ்த்துக்கொண்டார். ஆசிரியர் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.