ஆடாத பலகை, ஆடும் பழம்

12.6.2025, வியாழன். இன்றைய பிழை: பலகையைச் சுற்றிக் கோடு போடும்போது, அதன் முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாய்க் கயிற்றையும் கோட்டுக்குள் விட்டுவிட்டேன். தவறு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

மதிவதனி நோட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்து, ‘என்று நினைக்கிறேன்’ என்பதை அடித்தாள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மாலையில் முகப்பேரில் கிராபிக்ஸ் வகுப்பு. ஆளுக்கொரு நிஜக் கடைக்கு விளம்பரம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குள் கடைக்காரர் வாயால் ‘ஓகே’ வந்தால்தான் ஸ்டுடியோ வேலைக்கான நேர்காணல் பட்டியலில் பெயர் ஏறும் என்று வகுப்பெடுக்கும் ரவிச்சந்திரன் சார் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வாய்த்தது கொரட்டூர் நாகப்பனின் மிக்ஸி ரிப்பேர் கடை. வீடியோவில் அவருடைய துருப்பிடித்த பெயர்ப்பலகைமேல் புதுப் பலகையை ஒட்ட வேண்டும். ‘இந்தப் பரப்பைப் பின்தொடர்’ என்று காட்டினால் கணினி பின்தொடரும். அது பலகையை விட்டுவிட்டுக் காற்றில் ஆடிய கயிற்றின் பின்னால் போய்விட்டது. புதுப் பலகை கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் ஆடுபவனைப் போல ஆடியது.

வெள்ளி மாலை, கயிற்றைச் சுற்றி இன்னொரு கோடு போட்டு, ‘இதைப் பார்க்காதே’ என்று கணினிக்குச் சொன்னாள். பலகை நின்றது. 62ஆம் ஃப்ரேமில் மட்டும் ஷேர் ஆட்டோ குறுக்கே போனதால் ஒரு மூலை துள்ளியது. அதைக் கையால் இழுத்துச் சரிசெய்தாள். ஐந்து முறை ஓட்டிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் ஆறாவது முறையும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். மணி ஆறே முக்கால்.

நாகப்பன் போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“சூப்பரா கீது! போர்டு கல்லு மாரி நிக்குது. ஆமா, எலுமிச்சம்பழம் எங்க?”

மதிவதனி போனை வாங்கிப் பார்த்தாள். புதுப் பலகை கயிற்றின்மேலேயே உட்கார்ந்து அதை மறைத்துவிட்டிருந்தது. ஆறு முறையும் அவள் பலகையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

“அது ஆடிச்சுண்ணே...”

“ஆடுனா தூக்கிடுவியா? ஊரே பாக்கப்போற வீடியோ. அம்மாம் கண்ணும் எம்மேல உழுவாது?”

மிக்ஸி ஜாருக்காகக் காத்திருந்த கண்ணம்மா, “மூணு வாரமா என் ஜாரத் தராத ஆளுக்குப் படட்டுமே கண்ணு!” என்றாள்.

“நீ சும்மாரு யக்கா! த பாரும்மா, பழம் வரணும். ஆடணும். ஆடுனாதான் அது வேல செய்யும்.”

மதிவதனி சாருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நாகப்பன் போனைப் பிடுங்கினார்.

“சார், பொண்ணு தொழில் சுத்தம். பழம் வந்தா நானே ஓகே சொல்றேன். கொஞ்சம் டைம் குடு சார்.”

நாளை மாலை ஆறு வரைக்கும் அவள் பெயரைப் பென்சிலில் எழுதிவைப்பதாகச் சார் சொன்னார். அவள் கிளம்பும்போது நாகப்பன் மறுபடி கூப்பிட்டார்.

“ஏம்மா, மொளகா ஏழு இருக்கணும். ஒண்ணு காஞ்சி உழுந்துட்ச்சு. அத்தையும் போட்டுடு.”

பேருந்தில் உட்கார்ந்து மதிவதனி நோட்டைத் திறந்தாள்.

நாளை: ஃப்ரேம் 1 முதல் 140 வரை பழத்தையும் ஆறு மிளகாயையும் கையால் வெட்டியெடுத்துப் புதுப் பலகைக்கு முன்னால் வைக்க வேண்டும். ஏழாவதற்கு மூன்றாவது மிளகாயை நகல் எடுக்க வேண்டும்.