கோணல் வரிசைத் தக்காளி

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தையல்காரம்மாவின் நிலம் முழுக்கத் தெரியும். பார்ப்பதற்கென்று நான் ஏறுவதில்லை. துணி தினமும் காயவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிணறு உப்பேறியதிலிருந்து அங்கே களைகூட யோசித்துத்தான் முளைக்கும். அவருடைய கொழுந்தனாருக்கு அந்த இடத்தில் கிடங்கு கட்ட ஆசை. "இந்தத் தடவை தக்காளி பூ எடுத்தா நிலம் உங்களுக்கே, அண்ணி. இல்லேன்னா மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போட்டுடணும்" என்று வாசலில் நின்று சொன்னார். நாலு வீட்டுக்குக் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

நாற்று நட்டார்கள். தையல்காரம்மாவின் வரிசைகள் பாத்தி மேட்டின் உச்சியில் நூல் பிடித்தாற்போல் நின்றன. மருமகள் ஒரு கையில் போனும் மறுகையில் நாற்றுமாக நட்ட கடைசி வரிசையோ சரிவில் சறுக்கி விழுந்து கிடந்தது.

"என்னடி இது, பாம்பு ஊர்ந்த மாதிரி?"

"நேரா நின்னாத்தான் காய்க்குமா அத்தை?"

பத்தே நாளில் நேர்வரிசைச் செடிகளின் இலையோரம் தீய்ந்து சுருண்டது. தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீர் மேட்டுக்குள் ஊறி ஏறி, உச்சியில் வெயிலுக்கு வற்றி, உப்பை அங்கேயே வெள்ளையாக விட்டிருந்தது. சரிவில் அந்த வெள்ளை இல்லை. கோணல் வரிசை பச்சைப்பசேலென்று இருந்தது.

இரண்டு நாள் அந்தக் கோணல் வரிசையையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், "எந்தப் பக்கமா சரிச்சு நட்டே?" என்றார்.

"போனை எடுத்துட்டு வரட்டுமா அத்தை?"

"எதை வேணா எடுத்துட்டு வா. எல்லாத்தையும் மாத்தி நடணும்."

மாற்றி நட்டார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டியதை நிறுத்தி, நாலு நாளுக்கொருமுறை உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்குமளவு பாய்ச்சினார்கள். தையல்கடையில் மூட்டையாகக் கிடந்த வெட்டுத்துணியை மண்மேல் பரப்பினார்கள்.

"செடிக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று முதலில் கேட்டது நான்தான் என்கிறார்கள், ஆதாரம் இல்லை.

"தைச்சாச்சு. காஜாதான் பாக்கி" என்றார் நிமிராமலே. "வெயில் மண்ணைத் தொட்டா உப்பு மேல வரும். தொடவிட மாட்டேன்."

அப்படியும் கால்வாசி செத்தது. அந்த இடங்களில் மூன்றாம் முறையும் நட்டார். எனக்கே பார்த்துப் பார்த்து இடுப்பு வலித்தது.

கொழுந்தனார் காகிதத்தோடு வந்த அன்று, செடிகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூ.

"அங்கங்க காலியா இருக்கே, அண்ணி."

"பூ எடுக்கணும்னீங்க தம்பி, எடுத்திருக்கு. ஒரு செடி விடாம எடுக்கணும்னு சொல்லலையே?"

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் தண்ணீரைத் திறந்துவிட மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிக்கறது வாய்க்கால், தம்பி. உச்சியில ஏறிக்கோங்க. அங்க நாங்க எதையும் நடறதில்லை."

காகிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு அவர் ஏறினார். தண்ணீர் அவர் நின்ற இடத்தைக் கடந்து ஓடியது.