பொம்மைக்குக் கொடுத்த சட்டை

"பழைய சட்டை ஒண்ணு இருந்தா எடுடி. பொம்மை அம்மணமா நிக்குது" என்றான் குமரகுரு, வாசலில் நின்றபடியே. காலில் பூட்ஸ். கழற்றிவிட்டு உள்ளே வரச் சோம்பல்.

அவன் கட்டிக் கொடுக்கிற வீட்டின் மொட்டை மாடியில் நிற்கும் திருஷ்டி பொம்மைக்குத்தான் கேட்டான். கொடைக்கானல் ஈரத்தில் அதன் உடுப்பு மக்கிக் கிழிந்துவிட்டிருந்தது. மனைவி தேவசேனா தோசைக் கரண்டியோடு போய் அலமாரியைத் திறந்து, கையில் முதலில் பட்டதை உருவிக்கொண்டு வந்தாள். பழுப்புக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை.

"ஏய், இது நல்ல சட்டைல்ல?"

"காலர் நைஞ்சு கெடக்கு. இதப் போட்டுக்கிட்டுப் பார்ட்டி முன்னாடி நின்னீங்கன்னா, இவன் என்னத்த வீடு கட்டப்போறான்னு நெனைப்பாக."

"என்னைய மாதிரி ஒருத்தன அங்கன நிறுத்திட்டு, நீ இங்கன நிம்மதியா இருக்கலாம்னு பாக்குற."

"அவனாச்சும் பேசாம நிக்கட்டும்."

சிரித்துக்கொண்டே சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினான். அவள் திரும்பி வருவதற்குள் தோசை ஒரு பக்கம் கருகியிருந்தது.

அன்று மதியம், அந்தப் புது வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்குகிற கல்சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கப் போனான். முந்தின வாரம் முழுக்க மழை. சுவருக்கு மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கியது. சுவர் அசையவில்லை, அவன் கட்டியது. மண் அதைத் தாண்டி வந்து அவனை மூடியது.

சென்னை, பெங்களூர் ஆட்களுக்கு அவரவர் விருப்பப்படி மலையில் வீடு கட்டிக் கொடுப்பது குமரகுருவின் தொழில். வரைபடம் வந்த கையோடு கடைக்கால் தோண்டிவிடமாட்டான். காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தேவசேனாவை அழைத்துப் போய், "இதுதேன் அடுப்படி, நில்லு" என்பான். அவள் முழங்கையை மடித்து நிற்பாள். அந்த உயரத்துக்குக் கழியில் ஒரு கோடு. ஜன்னல் திண்டு அங்கேதான் வரும். "சமைக்கிறவ கையை ஊனி நாலு நிமிசம் வெளிய பாக்க வேணாமா?" என்பான். கொடைக்கானலில் பாதி கிச்சனுக்கு அம்மாதான் ஸ்கேல் என்று மகள் சண்முகப்பிரியா கேலி செய்வாள். சொந்தமாக ஒரு வீடு மட்டும் கட்டவில்லை. கேட்டால், "பாத்துக்கிரலாம்."

அவனுடைய மற்ற உடுப்புகளைப் பதினாறாம் நாள் காரியத்தன்றே உறவுக்காரர்கள் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். அன்றுதான், பழனியிலிருந்து வந்திருந்த அத்தை மூக்கம்மா, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "உசுரோட இருக்கவன் சட்டையை யாராச்சும் பொம்மைக்கு மாட்டுவாகளா?"

தேவசேனா அப்போது தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்தாள்.

வாடகை வீடு பள்ளத்துக்கு இந்தப் பக்கம். அவன் கடைசியாகக் கட்டிய வீடு நேர் எதிர்ச் சரிவில். பனி விலகும்போதெல்லாம் அந்த மாடியில், தைலமரக் கழியில், பழுப்புச் சட்டை தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. குமரகுருவுக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கும். காற்று வந்தால் ஒரு கை தூக்கும். பனி மூடியபோது இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நிற்கிறான் என்று தெரியும். துணி காயப்போடும் கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினாள். அங்கே வெயில் விழவில்லை, துணியெல்லாம் நாறியது. மறுபடியும் முன்பக்கமே கட்டினாள்.

ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மகள் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்துக் கையசைத்தாள். யாருக்கு என்று தேவசேனா கேட்கவில்லை.

மிச்ச வேலையைக் கொத்தனார் பொன்னுவேல் முடித்தான். குமரகுருவோடு நெடுங்காலம் இருந்தவன். ஒருநாள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"வெள்ளிக்கிழம பால் காய்ச்சுறாக மதினி. அதுக்குள்ள பொம்மையை எறக்கணும். ஓனரம்மா தன்மையாத்தேன் சொன்னாக."

"எறக்குங்க தம்பி."

"ஒருத்தனும் ஏற மாட்டேங்குறான். அண்ணன் பாத்துக்கிட்டு இருக்காரு, அண்ணன் பாத்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லியே பூச்சு வேலைய வாங்கிட்டேன். ஒரு பய அது முன்னாடி பீடி பத்த வைக்கல. இப்ப எறக்குங்கடான்னா, நீயே எறக்குங்குறானுக."

"நீங்க?"

"எனக்கும் கை வரலீங்க."

"எறக்கி என்ன செய்வீக?"

"அங்கனயே எரிச்சிரணும்."

"சட்டையை மட்டும் நான் எடுத்துக்கிறேனே."

பொன்னுவேல் தரையைப் பார்த்தான். "வீட்டு மேல விழுந்த கண்ணெல்லாம் அதுலதேன் ஒட்டிக் கெடக்கும்பாக. அத எரிக்காம விட்டா குடி வர்றவுகளுக்கு ஆகாதுங்க. நம்ம வீட்டுக்கும் ஆகாது."

"உசுரோட இருக்கவக சட்டையை மாட்டவே கூடாதாமே?"

"எவ சொன்னா? செத்தவன் சட்டையையா மாட்டுவாக? எஞ் சட்டை எத்தன வீட்டுல தொங்கியிருக்கு! பாருங்க, ஒரு பல்லுகூட ஆடல." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அதை நம்பிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

வியாழக்கிழமை மகளிடம் சொல்லாமல் கிளம்பப் பார்த்தாள். சண்முகப்பிரியா அதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

புது வீட்டு மாடிக்கு ஏறியதும் முதலில் பொம்மையின் முதுகுதான் தெரிந்தது. சாலை ஒரு பக்கம் இருக்க, அது மறுபக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றது.

"ரோட்டப் பாத்துத்தான வைப்பாக?"

"அண்ணன்தேன் திருப்பி வச்சாரு" என்றான் பொன்னுவேல். "எம் பொண்டாட்டி குடுத்த சட்டை, அவளே பாக்கட்டும்னாரு. அதக் கட்டிட்டுத்தேன் சுவரைப் பாக்க எறங்கிப் போனாரு."

தேவசேனாவே கயிற்றை அவிழ்த்தாள். நனைந்த வைக்கோல் நினைத்ததைவிடக் கனத்தது. மகள் கால்பக்கம் பிடித்துக்கொள்ள, மெல்லத் தரையில் கிடத்தினார்கள். சுண்ணாம்புக் கண் போட்ட சட்டித்தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் மேல் பொத்தான்களைக் கழற்றி உள்ளே கை விட்டாள். வைக்கோல் ஈரத்தில் புழுங்கி, நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்கவில்லை.

"கழட்டிக்கலாம்மா" என்றாள் மகள். "பையில வச்சுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ப்ளீஸ்மா."

பொன்னுவேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே யாரோ கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாளை இந்த வீட்டில் விளக்கேறும். ஒரு வேலையையும் குமரகுரு அரைகுறையாக ஒப்படைத்ததில்லை. ஒரு தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டால்கூடச் சாவியைத் தரமாட்டான்.

தேவசேனா கையை எடுத்து, கழற்றிய பொத்தான்களைத் திரும்பப் போட்டாள். நைந்த காலரை நீவிவிட்டாள்.

"இது அப்பா வேலைடி" என்றாள். "முடிச்சுக் குடுத்துருவோம்."

பின்பக்கம், கல்சுவருக்குக் கீழே எரித்தார்கள். ஈரத்தில் தீ பிடிக்கவில்லை, வெகுநேரம் புகைந்தது. சட்டைதான் கடைசியாகப் பிடித்தது. மகள் அழுதாள். அவள் தோளில் கை போட்டபடி தேவசேனா சாம்பல் ஆகும்வரை நின்றாள்.

கை கழுவப் புது அடுப்படிக்குள் போனாள். குழாயை மூடிவிட்டு, நினைப்பில்லாமல் ஜன்னலில் சாய்ந்தாள். பள்ளம் முழுக்கப் பனியா புகையா என்று தெரியாத வெள்ளை. எதிரே இருக்கும் தங்கள் வீடு தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் இனி இங்கே ஒன்றும் இருக்காது.

ஜன்னல் திண்டு அவள் முழங்கை உயரத்தில் இருந்தது.