பாதியில் நின்ற குழி

"அண்ணே, வைசனக் கழுவுனது நீங்கதான? புண்ணு வாய்க்குள்ள இருந்துச்சா, முதுகுல இருந்துச்சா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க."

குழி விளிம்பில் நின்று எலூபி இப்படிக் கேட்டதும், உள்ளே நின்ற நான்கு பேருடைய மண்வெட்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன. கல்லாய் இறுகிக் கிடந்த செம்மண்ணை இருட்டிலேயே கொத்தத் தொடங்கி, இடுப்பளவு இறங்கியிருந்தார்கள். விடிகாலைக் குளிரிலும் அவர்கள் முதுகில் ஆவி பறந்தது. இடுகாட்டுத் தோப்பைச் சுற்றி, தியோலோ மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே, கூடையை முதுகில் கட்டிய பெண்கள் அன்றைக்கும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு விடுப்பு மத்தியானத்துக்கு மேல்தான்.

பிணத்தைக் கழுவியவரிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கக் கூடாது. எலூபிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்த விதி அது. கழுவுகிறவர்களேதான் குழியும் வெட்டுவார்கள். கழுவும்போது கண்டதை அதே மண்ணில் மூடிவிடுவார்கள். நேற்று ஃபோனில்கூட அவள் அம்மா சொன்னாள்: "வக்கீலா இரு, மந்திரியா இரு. அத மட்டும் வாய் தொறந்து கேட்டுராத."

கேட்டுவிட்டாள்.

"டவுன்ல சட்டம் படிச்சா, செத்தவன் துணிய அவுத்துப் பாக்கவா சொல்லித் தர்றாங்க?" என்றான் லேவி, நால்வரில் இளையவன். யாரும் சிரிக்கவில்லை.

குழிக்காரர்களில் மூத்தவர் ஃபோஸ்டினோ, தேயிலை ஆலையில் கொதிகலனுக்கு விறகு தள்ளுகிறவர். கையூன்றி மேலே ஏறி வந்தார்.

"தங்கச்சி, ஒங்கப்பனயும் நான்தான் கழுவுனேன். அவன் ஒடம்புல என்ன இருந்துச்சுன்னு இந்தத் தோட்டத்துல எவனாவது பேசிக் கேட்டிருக்கியா?"

"இல்ல."

"அது மட்டும் ஒனக்கு நல்லா இருந்துச்சுல்ல?"

ஃபோஸ்டினோ மறுபடி குழிக்குள் இறங்கினார்.

வைசன் களைக்கொல்லி அடிக்கிறவன். ஒழுகுகிற மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மாதக்கணக்கில் சரிவெல்லாம் நடந்தவன். மூச்சுத் திணறித் திணறிச் செத்தான். பொண்டாட்டியோடு சண்டை போட்டு மருந்தைக் குடித்துவிட்டான் என்றது நிர்வாகம். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. குடித்துச் செத்தால் இழப்பீடு கிடையாது. புதைத்த கையோடு அவன் மனைவி எனிஃபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். 'புருசனைச் சாகடிச்சவ' என்ற பெயரும் கூடவே போகும்.

குடித்தவனுக்கு வாயும் தொண்டையும் வெந்திருக்கும். தொட்டி ஒழுகிச் செத்தவனுக்கு முதுகு வெந்திருக்கும். வழக்கே அவ்வளவுதான். ஆனால் எலூபி வந்து சேர்வதற்குள் வைசனின் மச்சான்மார், வழக்கப்படி, அவன் கடைசியாகப் போட்டிருந்த உடுப்பை ஓடைக்கரையில் வைத்து எரித்துவிட்டார்கள். சாம்பலைக் கிளறியவளுக்கு இரண்டு பித்தான்தான் கிடைத்தது. நிர்வாகம் அழிக்க மறந்த தடயத்தை, செத்தவனுக்கு மரியாதை என்று சொல்லிச் சொந்தக்காரர்களே அழித்துக் கொடுத்திருந்தார்கள். இனி மிச்சம் அந்த உடம்புதான். அதுவும் மத்தியானம் மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு தோண்டி எடுக்க இந்த ஊரில் எவனும் சம்மதிக்க மாட்டான்.

சாவு வீட்டு முற்றத்தில் கம்பெனி கொடுத்த மாட்டை வெட்டி அண்டாவில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோளக் களி கிண்டுகிற புகை கண்ணைக் கரித்தது. உள்ளே, பெண்களுக்கு நடுவே பாயில் எனிஃபா குனிந்து உட்கார்ந்திருந்தாள். எலூபி பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"நாங்க சண்டையே போடலக்கா. கடைசி நாலஞ்சு நாளா மல்லாக்கப் படுக்கவே முடியல அவரால. குப்புறக் கெடந்தாரு. விசிறி விட்டுக்கிட்டே இருந்தேன்."

"இதயே கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொல்லுவேன். பொண்டாட்டி பேச்ச எவன் நம்புவான்?"

"அதான். மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி டாக்டர விட்டு அறுத்துப் பாத்தாத்தான் நம்புவாங்க."

எனிஃபா நிமிர்ந்து பார்த்தாள். "அவரு பட்டது பத்தாதா? ஆட்டுக்குட்டியக் கிழிக்கிற மாதிரி கிழிக்கணுமா? எந்திரிச்சுப் போக்கா."

எழுந்து போனாள். வேறென்ன செய்வது?

தோட்டத்து அலுவலகத்தில் மேலாளர் நமகோனா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இதே மலைக்காரர்தான். எலூபி படித்த பள்ளியில்தான் அவரும் படித்தார். அடக்கத்தை நிறுத்தச் சொல்லி அவள் நீட்டிய மனுவை வாங்கி, படிக்காமலே மேசையில் வைத்தார்.

"மாஜிஸ்திரேட் ஊர்ல இல்ல. திங்கக்கிழமைதான் வருவாரு. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்குத்தான் இன்னைக்கே பொதைக்கிறீங்க."

"இந்த வெயிலுக்குப் பொணம் திங்கக்கிழம வரைக்கும் தாங்குமா பாப்பா? மாடு குடுத்தோம். மாவு மூட்ட, பெட்டி, லாரி, எல்லாமே கம்பெனி குடுத்தது. இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"கையுறையும் ஒழுகாத தொட்டியும் குடுத்திருந்தா மாடு மிச்சமாயிருக்கும்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"துணிய எரிச்சாச்சு. ஒடம்பக் கழுவியாச்சு. கழுவுனவன் பேச மாட்டான். நீ கொழுந்துக்கூடைக்குள்ள வளந்த பொண்ணு, ஒனக்குத் தெரியாத சட்டமா? சும்மா டவுனுக்குத் திரும்பிப் போ."

அவள் ஃபோன் அடித்தது. பிளான்டயர் டவுனிலிருந்து, அவள் வேலை பார்க்கும் அலுவலகத்து மூத்த வக்கீல் சிகோபா.

"கம்பெனி வக்கீல் கூப்பிட்டாருமா. ஆதாரம் ஏதாவது வச்சிருக்கியா?"

"இல்லங்கய்யா."

"அப்பறம் எதுக்கு அங்க நிக்கிற? அடுத்த மினிபஸ்ஸப் புடிச்சு வா. இல்லேன்னா திங்கக்கிழம ஆபீஸ் பக்கமே வந்துராத."

நமகோனா குவளைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டார். எலூபிக்கு உடம்பு முழுக்கச் சோர்வு இறங்கியது. இவ்வளவு படித்ததும் இங்கே வந்து வெறுங்கையோடு நிற்கத்தானா?

வெளியே காலடிச் சத்தம். கதவைத் தட்டாமல் ஃபோஸ்டினோ உள்ளே வந்தார். கால் முழுக்கச் செம்மண். அவருக்குப் பின்னால் லேவியும் மற்ற இருவரும் வாசலை அடைத்து நின்றார்கள். கையில் மண்வெட்டி இல்லை.

"குழி முடிஞ்சுதா?" என்றார் நமகோனா.

"பாதியில நிக்கிது ஐயா. மம்பட்டியக் குழிக்குள்ளயே போட்டுட்டோம்."

நமகோனா எழுந்து நின்றார். குழிக்குள் விட்ட மண்வெட்டியை வேறு கை தொடாது. அந்தக் குழியில் இன்னொருவர் இறங்க மாட்டார். குழி முடியாமல் பெட்டியும் இடுகாட்டுக்கு நகராது.

"என்ன பாத்தீங்கன்னு இவகிட்ட ஒளறிட்டீங்களா?"

"எங்க வாயி ஒளறாது. தங்கச்சி நேத்து சாம்பலக் கிளறுனத நானும் பாத்தேன். கொத்தக் கொத்த அதேதான் நெனப்பு. நாங்க பாத்தது எங்களோடயே போகும். ஆனா அதப் பாத்துப்புட்டு, குடிச்சுச் செத்தான்னு சொல்லி மண்ணள்ளிப் போட எங்க கை வரல." எலூபியின் பக்கம் திரும்பினார். "எனிஃபாகிட்டச் சொல்லிட்டுத்தான் வாரோம். ரொம்ப நேரம் அழுதுச்சு. அப்பறம், டாக்டரே பாக்கட்டும்னு சொல்லிருச்சு."

"லாரி கம்பெனியோடது," என்றார் நமகோனா. "எதுல தூக்கிட்டுப் போவீங்க?"

"தோள்ல," என்றான் வைசனோடு மருந்தடித்த லேவி. "தொட்டி சுமந்த தோளு, பெட்டி சுமக்காதா?"

"நாலு பேரும் இன்னையோட லயத்தக் காலி பண்ணணும். கூடப் போற அத்தன பேரும்தான்! ஏ எலூபி, போலீஸ் கடுதாசி இல்லாம டாக்டரு கத்தியத் தொட மாட்டாரு. அதையும் இவங்ககிட்டச் சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. இப்போது சொன்னாள். "அவரு சொல்றது நெசம்தான் அண்ணே. ஆஸ்பத்திரி வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. பாதி வழியில போலீசே மறிக்கும். வேல போயிரும். நான் ஜெயிச்சுக் குடுப்பேன்னு நம்பி வராதீங்க."

ஃபோஸ்டினோ நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். "நீ ஜெயிப்பேன்னு யாரு சொன்னா? அந்த வாசல்ல பெட்டிய எறக்கி வச்சா, போற வாறவன் ஏன்னு கேப்பான்ல? அது போதும்."

ஜன்னலுக்கு வெளியே, சரிவிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எடை போடும் கொட்டகைப் பக்கம் ஒருத்தியும் போகவில்லை. பாதி நிரம்பிய கூடைகளைப் பாதையோரத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சாவு வீட்டை நோக்கி நடந்தார்கள். மேற்பார்வையாளன் பின்னாலேயே ஓடிக் கத்தினான். எவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிகோபா மறுபடி ஃபோனில் கூப்பிட்டார். எலூபி காதில் வைத்தாள். "நான் வரலங்கய்யா. செத்தவரோட போறேன்."

"ஆதாரமே இல்லேன்னியேம்மா!"

"தூக்கிட்டு வர்றோம்ல."

"மனுவ எடுத்துக்கிட்டுப் போ," என்று நமகோனா காகிதத்தை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. ஃபோஸ்டினோ ஒதுங்கி வழிவிட, வெயிலில் இறங்கி நடந்தாள்.